கைநடுக்கமும் கரகமும்

அந்த வருஷம் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாமல் போனது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். உலை வைத்துவிட்டு வாசலுக்கு வருவேன். வாசலுக்கு எதற்கு வந்தோம் என்பது மறந்து கிணற்றடிக்குப் போவேன். அங்கே கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் கழுவுவேன். அதற்குள் உலை பொங்கி அடுப்பு அணைந்திருக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். திண்டிவனத்தில் ஏரிக்கரைப் பக்கம் குடியிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், மாமியார், எங்கள் இரண்டு பெண் குழந்தைகள். வீட்டுக்காரர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மில்லில் ஆயில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் எட்டாவது வரை படித்தவள். விளக்கேற்றாமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை, வெள்ளிக்கிழமை தெருக்கோடி மாரியம்மனுக்கு எலுமிச்சம்பழம் கொண்டுபோகாமல் இருந்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பசி என்றால் அப்படி ஒரு பசி. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகும் பழைய சோற்றுப் பானையைத் தேடுவேன். ஆனால் ஜாக்கெட் தோளிலிருந்து நழுவும். கைவளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கும்.

"எங்கடி போவுது இவ்ளோ சோறும்? உள்ள யாராவது குந்திக்கினு துன்றாங்களா?" என்பாள் மாமியார்.

அவள் அதைக் கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அது நிஜம் போலவே இருந்தது. எனக்குள் வேறு யாரோ இருந்துகொண்டு என்னை விரட்டுகிற மாதிரி. மற்றவர்கள் போர்த்திக்கொள்கிற மழைநாளில்கூட எனக்கு வியர்த்துக் கொட்டியது. தரையில் தண்ணீர் தெளித்து அதன்மேல் படுப்பேன். நெஞ்சு சும்மா இருக்கும்போதே உலக்கை போடுவது போல இடிக்கும். பெரியவள் சிலேட்டைக் கீழே போட்டதற்கு அடித்துவிட்டு, அவள் அழுகையை நிறுத்திய பிறகும் நான் நிறுத்தாமல் அழுதேன்.

"அம்மா, ஏம்மா மொறைக்கிற?" என்று சின்னவள் ஒருநாள் கேட்டாள். நான் அவளை முறைக்கவே இல்லை. அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். எழுந்துபோய்க் கண்ணாடியைப் பார்த்தேன். கண் இரண்டும் வெளியே தள்ளினாற்போல் விரிந்து, கருவிழியைச் சுற்றி வெள்ளை தெரிந்தது. சிமிட்டினாலும் சரியாக மூடாத பார்வை. அந்தப் பார்வையை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். வெள்ளிக்கு வெள்ளி பார்க்கிற அம்மன் முகத்தில் பதித்திருக்கிற வெள்ளிக் கண்கள்தான் அவை.

சித்திரைத் திருவிழாவில் கற்பூரத் தட்டைக் கையில் வாங்கினேன். கை நடுங்கியது. தட்டு ஆட, சுடர் துடித்தது. எதிரே நின்ற பம்பைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். பம்பையை என் காதருகே கொண்டுவந்து, அம்மனைப் பாடி அழைக்கிற வர்ணிப்பை எடுத்தார். அந்தச் சத்தமும் என் நெஞ்சின் இடியும் ஒன்றாகிவிட்டன. அதற்குமேல் எனக்கு ஞாபகம் இல்லை. நினைவு வந்தபோது முகத்தில் மஞ்சள் தண்ணீர், வாயில் வேப்பிலை. தெருப் பெண்கள் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு அப்பவே தெரியும். கண்ணப் பாத்தாலே தெரியலியா, அம்மா குந்திக்கினா" என்றாள் எதிர்வீட்டுப் பூக்கட்டும் அக்கா.

அவள் சொன்னதில் எல்லாம் பொருந்தியது. உடம்புச் சூடு, தூக்கமின்மை, நடுக்கம், கண். அம்மன் இறங்கினால் இவை எல்லாம் இருக்கும் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வழக்கமாக ஆடியில் கரகம் தூக்குகிற அம்மாளுக்கு முட்டி பிடித்துவிட்டிருந்தது. அதனால் இந்த ஆடிக்கு என் தலையில்தான் கரகம் என்று தெருவே முடிவு செய்தது. நானும் நம்பினேன். இத்தனை வருஷம் கும்பிட்டதற்கு அவளே என்னைத் தேடி வந்தாள் என்று எண்ணி, விளக்கின் முன் உட்கார்ந்து, இல்லை, உட்கார முடியாமல் நின்று, அழுதேன்.

மாமியாருக்கு வந்த மதிப்பைச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் தாலியிழந்து, களை பறித்து மகனை வளர்த்தவள். நல்ல காரியங்களில் பின்வரிசையில் நின்றவள். இப்போது குழாயடியில் அவள் குடத்துக்கு முதலில் வழிவிட்டார்கள். குறி கேட்க வந்தவர்களை அவளே வாசலில் நிறுத்தி, கை கால் கழுவச் சொல்லி, உள்ளே அனுப்பினாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாது. திருநீறு கொடுப்பேன். அந்தக் கையும் நடுங்கும். அதுவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கை ஆடியதில் குருணையும் அரிசியும் சேர்ந்து தரையில் கொட்டின. அவர் பீடியை அணைத்துவிட்டு வந்து குந்தினார்.

"பம்பை இல்ல, உடுக்கை இல்ல. அரிசி பொடைக்க சொல்லோ ஆத்தா எதுக்கு வர்றா? குருணை பொறுக்கவா?"

"வாய அலம்புங்க. சாமி விசயம்" என்றேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை. ரொம்ப நேரம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார், மில்லில் எஞ்சின் பக்கத்தில் நின்று கேட்பாரே அந்த மாதிரி.

"லோடு இல்லாம எஞ்சினு பறந்தா இப்டித்தான் அடிக்கும். சும்மா குந்தினுகீற, உனுக்கு எதுக்கு இந்த ஓட்டம்?" என்றார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை.

விழுப்புரத்தில் அவருடைய அக்கா வீடு இருந்தது. அக்காவைப் பார்க்கப் போகிறோம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினோம். அந்தப் பயணத்தில் நான் பட்ட பாடு! ஜன்னல் சீட்டு வேண்டும் என்றேன், வெயில் அடிக்கிறது என்று எழுந்தேன், முன்னால் போய் நின்றேன், திரும்பி வந்தேன். கூட்டேரிப்பட்டில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு ஏறுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது, ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன்.

"ஏம்மா, ஒரு எடத்துல குந்த மாட்டியா? இன்னா, சீட்டுல முள்ளா கீது?" என்று கண்டக்டர் கத்தினார். பஸ் முழுக்கச் சிரித்தது. விக்கிரவாண்டி வரைக்கும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தேன். கம்பியும் என்னோடு நடுங்கியது.

விழுப்புரத்து டாக்டர் வயதானவர், அவசரப்படாதவர். கையை முன்னால் நீட்டச் சொன்னார். நீட்டிய விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். காற்றாடி போடாத அறையில் அந்தத் தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. தன் விரலை மேலிருந்து கீழே இறக்கி, கண்ணாலேயே பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, "வாயில வச்சுக்கம்மா. நான் சொல்லும்போது முழுங்கு" என்றார். விழுங்கும்போது என் கழுத்தையே பார்த்தார். பின்னால் நின்று விரல்களால் தடவிப் பார்த்தார்.

"கழுத்துல வீக்கம் இருக்கே, பாக்கலியா?"

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். நானும் கையால் தொட்டுப் பார்த்தேன். தாலிச் சரடு கிடக்கிற இடத்துக்கு மேலே மெத்தென்று ஏதோ இருந்தது. தினமும் மஞ்சள் பூசுகிற கழுத்து. எனக்கே தெரியவில்லை.

"தைராய்டுன்னு ஒரு சுரப்பி. உடம்பு எந்த வேகத்துல ஓடணும்னு அதுதான் சொல்லும். இருதயம் எவ்வளவு அடிக்கணும், சோறு எவ்வளவு எரியணும், உடம்புல எவ்வளவு சூடு இருக்கணும், எல்லாம். அது சுரக்கிற நீர் ரத்தத்துல கலந்து தலைமுடியிலேர்ந்து கால் விரல் வரைக்கும் போவும். உனக்கு அது அளவு தெரியாம சுரக்குது. அதான் நீ தின்னது ஒட்டல, தூக்கம் வரல."

வீட்டுக்காரருக்கு உடனே ஒன்று பிடிபட்டது. "எஞ்சின்ல கவர்னர்னு ஒண்ணு கீதுங்க சார். வேகம் ஏறுனா அதுவே எண்ணெயைக் கொறைக்கும். அது மாட்டிக்கிச்சுன்னா எஞ்சினு பிச்சிக்கினு போவும். அந்த மாதிரிங்களா?"

டாக்டர் சிரித்தார். "கிட்டத்தட்ட. ஆனா கவர்னர் கழுத்துல இல்லப்பா, தலையில இருக்கு. மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி. ரத்தத்தைப் பாத்து, போதும்னா நிறுத்துன்னு சொல்லும், கொறைஞ்சா சுரன்னு சொல்லும். இவங்களுக்கு அது எப்பவோ நிறுத்துன்னு சொல்லியாச்சு. கழுத்துல இருக்கறது கேக்க மாட்டேங்குது. உடம்புலேர்ந்தே வேற ஒண்ணு பொய்யா கட்டளை போட்டு அத வெரட்டிக்கிட்டிருக்கு."

இன்னும் சொன்னார். சர்க்கரையை அளக்க வயிற்றுக்குள் ஒன்று இருக்கிறதாம். பயந்தால் ஓட வைக்கிறதற்குச் சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி ஒன்று. மாதவிலக்குக்கும் பிள்ளைக்கும் வேறு. எல்லாம் சொட்டுச் சொட்டாக, கண்ணுக்குத் தெரியாத அளவில். ஒன்று பேசினால் இன்னொன்று கேட்குமாம். எனக்குக் கைகால் ஓடவில்லை. எனக்குள் இருக்கிற இத்தனை பேரில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. அந்த அறையில் நான் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. கேட்டேன்.

"ஐயா, அப்ப எம்மேல சாமி வந்தது?"

அவர் தம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். "சாமி விஷயம் எனக்குத் தெரியாதும்மா. நாடி விஷயம் தெரியும். இப்படியே விட்டா இருதயம் தாங்காது. கரகம் தூக்கிக்கிட்டு வெயில்ல நடந்தா தெருவுலயே விழுந்துடுவ. ரெண்டு பொண்ணு இருக்குன்ன. யோசிச்சுக்கோ."

ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார்கள். பதில் வந்தது. டாக்டர் சொன்னதுதான். நெஞ்சுப் படபடப்பை அடக்க ஒரு மாத்திரை, சுரப்பியை அடக்க ஒரு மாத்திரை. நிறுத்தக்கூடாது, தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் ஓடி வர வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மாமியார் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆத்தாவ மாத்திரை போட்டு வெரட்றியா? அவளே தேடி வந்து குந்தினுகீறா. ஆடி முடியட்டும். அப்பறம் எந்த மாத்திரையவோ துன்னு."

"ஆடிக்குள்ள இவ செத்தா யாரு தூக்குவா கரகம்?" என்றார் அவர்.

"தன் புள்ளைய அவ சாவுட மாட்டாடா!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். சாவதற்குப் பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பயந்தது வேறொன்றுக்கு. மாத்திரை போட்டு நடுக்கம் நின்றுவிட்டால், அவள் வந்ததே இல்லை என்றாகிவிடுமே. பிறகு யாருக்கு நான் விளக்கேற்றுவேன்?

எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் மாத்திரை போடலாம், சிவப்பு வந்தால் கூடாது. சின்னவள் எடுத்தாள். வெள்ளை.

"மடிப்பு லேசா தெறந்துனு இருந்துச்சு. கொழந்த பாத்துட்டா. இன்னொரு தபா" என்றாள் மாமியார்.

இன்னொரு முறை. சிவப்பு.

மூன்றாம் முறை போடப் பூசாரிக்கே தைரியம் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். கடைசியில் வீட்டுக்காரர் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார்.

"ஆத்தாவே ரெண்டு மனசா கீறா. நான் ஒரே மனசா கீறேன். வாயத் தெற" என்றார்.

கோயில் தீர்த்தத்திலேயே முதல் மாத்திரையை விழுங்கினேன். மாமியார் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்து வீட்டுக்குப் போனாள்.

சில நாளில் நெஞ்சின் இடி குறைந்தது. வாரம் போகப் போக வியர்வை அடங்கியது. சோறு உடம்பில் ஒட்டியது. கோலப்புள்ளிகள் நேராக விழுந்தன. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட வேண்டும் இல்லையா? எனக்கு வேறு விதமான தவிப்பு பிடித்துக்கொண்டது. உடம்பு சும்மா இருந்தது, மனசு ஓடியது. வெள்ளிக்கிழமை பம்பைச் சத்தம் கேட்டால் இப்போது வருகிறதா, இப்போது வருகிறதா என்று என்னையே உற்றுப் பார்ப்பேன். ஒன்றும் வராது. கண் மட்டும் பழையபடி விரிந்தே இருந்தது. அது மெதுவாகத்தான் இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தெருவுக்கு நான் இன்னும் அம்மன்தான். எனக்கு மட்டும் தெரியும், உள்ளே ஆள் இல்லை.

இரண்டாம் முறை விழுப்புரம் போனபோது டாக்டர் நாடி பார்த்து, தெரு அளவுக்கு நடக்கலாம், மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடாதே என்றார். காப்புக் கட்டும் நாள் நெருங்கியது. மாமியார் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஒரு வாரம் நிறுத்தேன். ஒரே ஒரு வாரம். கரகம் எறங்குனதும் நானே ஒன் வாயில போடறேன்."

நான் நிறுத்தியிருப்பேன். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றதுண்டு. அவர் மில்லுக்குக் கிளம்பும்முன் எதிரே நின்று, விழுங்குகிற வரைக்கும் நகரமாட்டார். அதனால்தான் தப்பினேன்.

ஆடி ஞாயிறு. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. ஏரிக்கரையில் கரகத்தை வேப்பிலையும் அரளியும் சுற்றி ஜோடித்து வைத்திருந்தார்கள். அருள் வராமல் அதைத் தொடக்கூடாது. தெருவே கூடி நின்றது. கோயிலில் காய்ச்சிய கூழ் அண்டாவில் காத்திருந்தது. பம்பைக்காரர் என் எதிரே நின்று வர்ணிப்பை எடுத்தார்.

கண்ணை மூடினேன். வா தாயே என்றேன். வாய்விட்டே கேட்டேன். பம்பை காதில் இடித்தது, உடுக்கை சேர்ந்தது, சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியது. என் கை இரண்டும் கூப்பியபடி அப்படியே நின்றன. ஒரு விரல்கூட ஆடவில்லை. நெஞ்சு நிதானமாக அடித்தது. அந்த நிதானத்தை அப்போது நான் எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்லி மாளாது.

ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு. பம்பைக்காரருக்கு நெற்றி வியர்த்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

"மாத்திரை துன்றாளாமே. விழுப்புரத்துல போயி" என்றாள் பூக்கட்டும் அக்கா, எனக்குக் கேட்கிற மாதிரி. "வந்த ஆத்தாவ தொரத்திட்டு இப்ப கைய கூப்பினா? அவ இன்னா பஸ்ஸா, கைய காட்னா நிக்க?"

யாரோ சிரித்தார்கள். மாமியார் என் பின்னால் ஒட்டி நின்று காதில் சொன்னாள்.

"லேசா ஆடுடி. ஒரு ஆட்டம் ஆடிட்டு தூக்கிடு. யாருக்குத் தெரியும்? மானம் போவுது."

எனக்கு ஆடத் தெரியாதா? மாதக்கணக்கில் ஆடியவள். தோளை ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும். ஆனால் அந்தக் கரகத்தின் முன்னால் என்னால் முடியவில்லை. திரும்பி அவளைப் பார்த்தேன்.

"வரல அத்தை" என்றேன். "எனக்கு வரல."

அவள் முகம் எப்படிச் சுருங்கியது! கண்ணில் நீர் நிறைந்து, உதடு கோணி, என்னையும் தாண்டி ஏரியைப் பார்த்தாள். பம்பைக்காரர் ஓய்ந்துபோய்க் கைமாற்றி அடித்த அடி ஒன்று விழுந்தது. அப்போது என் தோளில் இருந்த அவள் கை இறுகியது. நகம் பதிந்தது. திரும்புவதற்குள் அவள் கொண்டை அவிழ்ந்து, தலை சுழன்று, அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் எழும்பியது. எந்தத் திருவிழாவிலும் பின்வரிசையை விட்டு வராதவள், கூட்டத்தைப் பிளந்துகொண்டு கரகத்தின் முன் வந்து நின்றாள்.

பம்பைக்காரர் ஒரு நொடி திகைத்தார். தாலியறுத்தவள் கரகம் தூக்கலாமா என்று யாரும் கேட்கும்முன் கையை ஓங்கி அடிக்க ஆரம்பித்தார். பெண்கள் குலவையிட்டார்கள்.

அவள் கரகத்தைத் தூக்கவில்லை உடனே. என்னிடம் வந்தாள். திருநீற்றை அள்ளி என் நெற்றியில், கழுத்தில், அந்த வீக்கத்தின் மேல் பூசினாள். குரல் அவளுடையதாக இல்லை.

"டேய், கேட்டுக்குங்கடா! இவளை எவளும் பேசாதீங்க. இவ மாத்திரை துன்னட்டும். நிறுத்தக்கூடாது. எனுக்கு இவ வேணாம். வூட்டுக்கு இவ வேணும். ரெண்டு பொட்டப் புள்ளைக்கு இவ வேணும்!"

நான் தரையில் விழுந்து கும்பிட்டேன். எழுந்தபோது கரகம் அவள் தலையில் இருந்தது. அவள் கையால் பிடிக்காமலேயே, ஏரிக்கரை மேட்டில் அது சரியாமல் போனது. நான் வேப்பிலையோடு பக்கத்தில் நடந்தேன். வீட்டுக்கு வீடு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அவள் காலை நனைத்தார்கள். பூக்கட்டும் அக்கா தன் வாசலில் மஞ்சள் தண்ணீரோடு காத்திருந்தாள். ஊற்றும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு முழம் கதம்பத்தை எடுத்து என் தலையில் வைத்துவிட்டாள்.

அருளை எவராலும் அளக்க முடியாது. அன்று வந்தது அம்மனா, மானம் போகக்கூடாதென்ற மாமியாரின் தவிப்பா, அவளுக்குள்ளும் எங்கேயோ ஒரு சுரப்பி திறந்துகொண்டதா என்று பிறகு பலர் பலவிதமாகப் பேசினார்கள். வீட்டுக்காரர்கூட ஒருநாள் பேச்செடுத்தார். நான் பேச விடவில்லை. என்னைக் கேட்டால் வந்தது அம்மன்தான். எனக்கு வராதபோதும் எனக்காக வந்தாள்.

மறுநாள் மாமியார் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. கால் வீங்கியிருந்தது. வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தேன்.

"நான் இன்னாடி சொன்னேன் நேத்து? ஒண்ணும் நெனப்பில்ல."

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கூரையைப் பார்த்தபடி கேட்டாள். ஆறிப்போன ஒத்தடத் துணியை மறுபடியும் வெந்நீரில் நனைத்தேன்.

"அப்டியா சொன்னா?" என்றாள் கடைசியில். பிறகு என் பக்கம் திரும்பி, பழைய அதட்டலோடு, "சொன்னா இல்ல? அப்பறம் இன்னா குந்தினுகீற? எந்திரிச்சிப் போயி மாத்திரையப் போடு" என்றாள்.